வாய்ப்புண் வந்த வாரம்: எதைத் தடவலாம், எதைத் தொடக்கூடாது

சாதாரண வாய்ப்புண் எந்த மருந்தும் போடாவிட்டாலும் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். இது தெரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். கைவைத்தியங்களின் புகழும் பாதி குறைந்துவிடும். ஐந்தாம் நாள் தடவிய நெய்யும் ஆறாம் நாள் விழுங்கிய மாத்திரையும் வாங்கிக்கொள்ளும் நல்ல பேர், பெரும்பாலும் உடம்புக்குச் சேர வேண்டியது. ஆகவே நம் வேலை இரண்டுதான். ஆறும் வரை சாப்பிடவும் பேசவும் முடிகிற அளவுக்கு வலியைக் குறைப்பது ஒன்று. ஆறாத புண்ணை நேரத்தோடு கண்டுகொள்வது இன்னொன்று.

முதலில் பாருங்கள்

கையைக் கழுவிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, செல்போன் டார்ச்சை வாய்க்குள் அடியுங்கள். கீழுதட்டை வெளியே மடக்கிப் பாருங்கள். கன்னத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். நாக்கைத் தூக்கி அடிப்பக்கத்தையும், இரண்டு ஓரங்களையும் பாருங்கள். நடுவில் வெளிர் மஞ்சளாக ஒரு படலம், சுற்றிலும் சிவப்பு வளையம், ஒரு சென்டிமீட்டருக்குள் அளவு, தொட்டால் உயிர் போகிற வலி: இதுதான் வழக்கமான வாய்ப்புண். உதட்டின் உள்பக்கம், கன்னம், நாக்கின் ஓரம் போன்ற மென்மையான இடங்களில்தான் பெரும்பாலும் வரும். இது யாருக்கும் தொற்றாது.

உதட்டின் வெளியே கொத்தாக நீர்க் கொப்புளங்கள் வந்தால் அது ஹெர்பிஸ் வைரஸ். அது தொற்றும், மருந்தும் வேறு. வாய்க்குள் தயிர் ஆடை போல வெள்ளையாகப் படிந்து, துணியால் துடைத்தால் பெயர்ந்து வருவது பூஞ்சை. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கு இது அடிக்கடி வரும். குழந்தைக்குக் காய்ச்சலோடு வாய், உள்ளங்கை, உள்ளங்கால் மூன்றிலும் கொப்புளம் இருந்தால் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். தண்ணீர் குடிக்கிறதா, சிறுநீர் போகிறதா என்பதைக் கவனிப்பது அங்கே எந்தக் களிம்பையும்விட முக்கியம்.

புண்ணுக்கு நேர் எதிரே இருக்கும் பல்லையும் ஒரு முறை தடவிப் பாருங்கள். உடைந்த பல்லின் கூர்முனையோ, பல்செட்டின் ஓரமோ, கம்பியோ உரசிக்கொண்டிருந்தால் என்ன தடவினாலும் புண் திரும்பத் திரும்ப வரும். பல் டாக்டர் அந்த முனையை ராவிவிட்டால் வேலை முடிந்தது.

கொப்பளிப்பது

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்கும் முன்பும் அரை நிமிடம் வாய்க்குள் சுழற்றித் துப்புங்கள். முதல் வாய் எரியும், பிறகு அடங்கும். எரிச்சல் தாங்காதவர்கள் உப்புக்குப் பதிலாக அதே அளவு சமையல் சோடாவைப் போட்டுக்கொள்ளலாம். அது வாயின் புளிப்பைத் தணிக்கும். துப்பத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டாம். 

சாப்பிடுவதற்குச் சற்று முன் ஒரு சின்ன ஐஸ் துண்டைப் புண் இருக்கும் பக்கம் ஒதுக்கிக்கொண்டால் வலி மரத்துவிடும். செலவில்லாத இந்த வழியை ஏனோ யாரும் சொல்வதில்லை.

சமையலறையில்

வாய்ப்புண் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது மணத்தக்காளிக் கீரை. கொங்குப் பக்கம் இதையே சுக்குட்டிக் கீரை என்பார்கள். இதை மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் புண் வந்த வாய்க்கு இதைவிட நல்ல சாப்பாடு குறைவு. செட்டிநாட்டுப் பக்கத்துத் தண்ணிச்சாறு செய்முறை எளிது. சின்ன வெங்காயம், சீரகம் இரண்டையும் கொஞ்சம் எண்ணெயில் வதக்கி, ஆய்ந்த கீரையைப் போட்டுச் சுருள விட்டு, அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரை ஊற்றி வேகவிடுங்கள். கீரை வெந்ததும் தேங்காய்ப் பால் ஊற்றி, ஒரு கொதி வருவதற்குள் இறக்கிவிடுங்கள். மிளகாய் கிடையாது, புளி கிடையாது, உப்பு பாதிதான். ஆறவைத்து, குழைந்த சாதத்தில் பிசைந்து சாப்பிடுங்கள். சூட்டோடு சாப்பிட்டால் எல்லாம் வீண். கீரையோடு வரும் பச்சைக் காய்களைக் கிள்ளிப் போட்டுவிடுங்கள். அவற்றைப் பச்சையாக மெல்லக் கூடாது.

இடியாப்பமும் தேங்காய்ப் பாலும், ஆறிய கஞ்சி, நுங்கு, இளநீர், புளிக்காத மோர் எல்லாம் சரி. முறுக்கு, தட்டை, அன்னாசி, எலுமிச்சை, ஊறுகாய், கொதிக்கக் கொதிக்கக் காபி ஆகியவற்றுக்கு ஒரு வாரம் விடுமுறை. நெய்யோ தேங்காய் எண்ணெயோ தடவினால் புண்ணின் மேல் ஒரு மெழுக்கு நிற்கும், உரசல் குறையும்; அவ்வளவுதான், கெடுதல் இல்லை. தேனும் தடவலாம், ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

மருந்துக்கடையில்

“அண்ணே, வாய்ப்புண்ணுக்கு ஏதாச்சும் குடுங்க” என்று கேட்டால் ஒரு பி காம்ப்ளக்ஸ் அட்டையும் ஒரு ஜெல்லும் கைக்கு வரும். அந்த ஜெல்லில் என்ன இருக்கிறது என்று திருப்பிப் படியுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்று, அல்லது இரண்டின் கலவை.

லிக்னோகெய்ன், பென்சோகெய்ன் ஆகியவை மரத்துப்போகச் செய்பவை. சாப்பாட்டுக்குச் சில நிமிடம் முன் துளியளவு வைத்தால் போதும். வாய் முழுக்கப் பூசினால் நாக்கைக் கடித்துக்கொள்வீர்கள், சூடும் தெரியாது. பென்சோகெய்ன் ரத்தத்தின் ஆக்ஸிஜன் சுமக்கும் திறனைக் குறைக்கும் அபாயம் இருப்பதால், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பல் முளைக்கும் வலிக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2018-ல் எச்சரித்தது.

கோலின் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவு. பெரியவர்களுக்குச் சரி, 16 வயதுக்குக் கீழே தவிர்க்க வேண்டும். அப்பாவுக்கு வாங்கிய ட்யூபை மகளுக்கும் தடவும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு, அதனால்தான் அட்டையைப் படிக்கச் சொல்கிறேன்.

மூன்றாவது, ட்ரையாம்சினலோன் 0.1% பேஸ்ட். இது ஸ்டீராய்டு, டாக்டரோ பல் டாக்டரோ சொல்லி வாங்குவதே முறை. ஹெர்பிஸ், பூஞ்சை இருக்கும் வாயில் இதைத் தொடக்கூடாது. ஆனால் சாதாரண வாய்ப்புண்ணுக்கு, அது கிளம்பும்போதே வைத்தால் நன்றாகக் கேட்கும். வைக்கிற விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, சுத்தமான பஞ்சால் புண்ணை ஒற்றி ஈரத்தை எடுங்கள். பயறளவு பேஸ்ட்டை விரல் நுனியில் எடுத்து மெல்ல ஒற்றுங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் மணல் மணலாக உதிர்ந்துவிடும். ஒற்றினால் வழுவழுப்பான ஏடாகப் படியும். ராத்திரி படுக்கும் முன் வைப்பது நல்லது, விடியும் வரை அங்கேயே நிற்கும். ஒரு வாரத்தில் ஆறவில்லை என்றால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் 0.2% என்றால் 10 மில்லி, காலை மாலை ஒரு நிமிடம். பல் தேய்த்த உடனே வேண்டாம், அரை மணி நேரம் விடுங்கள். பற்பசை அதன் வீரியத்தைக் கெடுக்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். வலிதான் பெரிது என்றால் பென்சிடமின் 0.15% கொப்பளிக்கும் மருந்தைக் கேளுங்கள்.

பி காம்ப்ளக்ஸ்? கடைவாய் வெடிப்பும் நாக்குச் சிவப்பும் இருந்தால், அதாவது ரிபோஃபிளேவின் குறைவின் அடையாளம் தெரிந்தால், உதவும். குறைவே இல்லாதவருக்கு மிச்சம் மஞ்சள் சிறுநீர்தான்.

இவை வேண்டவே வேண்டாம்

ஆஸ்பிரினைப் பொடித்துப் புண்ணில் வைப்பது சதையைச் சுட்டுவிடும். சுண்ணாம்பும் அப்படியே. நீர்க்காத கிராம்பு எண்ணெயும் புண்ணை இன்னும் பெரிதாக்கும். கைக்குழந்தையின் வாயில் போரோ கிளிசரின் தடவுவதை விட்டுவிடுங்கள். போரான் உப்பு குழந்தை உடம்பில் சேர்ந்தால் நஞ்சு. ‘புண் மரத்துப்போகும்’ என்று புகையிலையை ஒதுக்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடைசிப் பகுதி.

அடிக்கடி வருகிறதா?

வயிற்றில் புண் இருந்தால்தான் வாயில் புண் வரும் என்பது ஊரெல்லாம் நம்புகிற கதை. உண்மையில் பெரும்பாலோருக்குத் திட்டமான காரணம் கிடைப்பதில்லை. தூக்கமின்மை, மனக்கவலை, மாதவிடாய் நாட்கள், கன்னத்தைக் கடித்துக்கொள்வது எல்லாம் தூண்டிவிடும். பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் சிலருக்கு ஆகாது. அது இல்லாத பேஸ்ட்டுக்கு மாறிச் சில வாரம் பார்ப்பது நல்ல சோதனை. மாதந்தோறும் வந்தால் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 நான்கையும் பார்த்துவிடுங்கள். சுத்த சைவக்காரர்களிடம் பி12 குறைவது சகஜம்.

மாத்திரைகளும் காரணமாகலாம். நெஞ்சுவலிக்குத் தரும் நிகோராண்டில் ஒன்று. மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் இன்னொன்று. அது வாரம் ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மருந்து. தவறித் தினமும் போட்டால் வாயெல்லாம் புண் வருவதுதான் முதல் எச்சரிக்கை. அப்போது ஜெல் தேடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எப்போது டாக்டரிடம்?

மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண் எதுவானாலும் காட்டியே ஆக வேண்டும். வலிக்கிற புண்ணைவிட வலிக்காத புண்தான் எனக்குப் பயம். ஓரம் தடித்த புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, சும்மா இருக்கும்போதே ரத்தம் கசிவது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பாக்கு, புகையிலை, குட்கா பழக்கம் உள்ளவர்கள் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். கண்ணாடி முன் நின்று, சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால், காரம் பட்டாலே எரிகிறது என்றால், பாக்கினால் வாயின் உள்சதை இறுகத் தொடங்கியிருக்கலாம்.

முதலில் பல் டாக்டரிடமே போகலாம். அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் வாய்நோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. புண் தோன்றிய நாளைக் குறித்துக்கொண்டு, தினமும் போடும் மாத்திரைகளின் அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். அன்று காலை மஞ்சள், ஜெல், பேஸ்ட் எதையும் தடவாமல் போங்கள். பூசியிருந்தால் அடியில் இருக்கும் புண்ணின் நிறமும் ஓரமும் டாக்டருக்குத் தெரியாது.