மக்காத மண்ணின் குடிகள்

அன்புள்ள யாழினி,

வடதுருவப் பக்கத்து மண் ஒரு பெரிய ஃபிரிட்ஜ், அதனால்தான் அங்கே எதுவும் கெடுவதில்லை என்று உன் பள்ளிக் கட்டுரையில் எழுதியிருந்தாய். பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

குளிர்நாட்டுச் சதுப்புகளில் செத்த பாசியும் புல்லும் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து கிடக்கும். அதுதான் பீட். உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் ஏறத்தாழ 3 சதவீதம்தான்; மண்ணிலுள்ள கார்பனிலோ மூன்றில் ஒரு பங்கு அவற்றில் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். குளிர் மட்டும் இதற்குக் காரணமாக முடியாது. 1950இல் டென்மார்க்கில் பீட் வெட்டப் போனவர்களுக்கு ஒரு மனித உடல் கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடந்தும் நெற்றிச் சுருக்கமும் தாடையில் முளைத்திருந்த குறுமயிரும் அப்படியே இருந்தன. டென்மார்க்கின் கோடை ஒன்றும் பனி உறையும் கோடை அல்ல.

அங்கே பெரிய வேலையைச் செய்வது தேங்கிய தண்ணீர். நீர் நின்ற மண்ணுக்குள் ஆக்சிஜன் இறங்காது. செத்த செடிகளிலுள்ள ஃபீனால் சேர்மங்களைச் சிதைக்கும் நொதிக்கோ ஆக்சிஜன் வேண்டும். அது கிடைக்காமல் ஃபீனால்கள் சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்தவை, மக்கவைக்கும் மற்ற நொதிகளையும் முடக்கிப்போடும். வேல்ஸில் கிறிஸ் ஃப்ரீமனும் உடன் ஆய்ந்தவர்களும் 2001இல் இதைக் காட்டினார்கள். போதாததற்கு ஸ்பேக்னம் பாசி தன்னைச் சுற்றியுள்ள நீரைப் புளிப்பாக்கிவிடும். நுண்ணுயிர்கள் இல்லாமல் இல்லை. கோடிக்கணக்கில் இருக்கின்றன, வேலைதான் மெதுவாக நடக்கிறது.

அந்தப் பாசியின் இலையை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வாய்த்தால் விட்டுவிடாதே. பச்சைச் செல்கள் மெல்லிய வலைபோல ஓடும். வலையின் கண்களில் பெரிய, நிறமற்ற, செத்த செல்கள். சுவரில் துளைகள், உள்ளே தண்ணீர். மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் அந்தத் தண்ணீரில் குடியிருக்கின்றன. அடிமண்ணிலிருந்து மேலேறும் மீத்தேனை அவை கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகின்றன. பாசி அதை எடுத்து ஒளிச்சேர்க்கை செய்துகொள்கிறது. செத்த செல்லுக்குள் இப்படியொரு குடித்தனம் நடப்பது எனக்கு இன்றும் தீராத வியப்பு.

இந்தக் குடித்தனம் குலைவதைப் பார்க்க ஸ்வீடனின் வடகோடிக்கு, அபிஸ்கோவை அடுத்த ஸ்டோர்டாலன் சதுப்புக்குப் போக வேண்டும். அங்கே பால்சா எனப்படும் பீட் மேடுகள் உண்டு. உள்ளே இருக்கும் பனிக்கட்டிதான் மேட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, மேற்புறம் உலர்ந்திருக்கும். பனி உருகினால் மேடு அமுங்கும், தண்ணீர் தேங்கும், ஸ்பேக்னம் பரவும். முழுதும் உருகிவிட்டால் பஞ்சுப்புல் வந்துவிடும். அதன் தண்டுக்குள் காற்றுக் குழல்கள் இருப்பதால் அடியில் உண்டாகும் மீத்தேன் அந்த வழியே நேராக வெளியேறுகிறது. இடையில் பிடித்துத் தின்னக் காத்திருக்கும் பாக்டீரியாக்களிடம் அது பெரும்பாலும் சிக்குவதில்லை. நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடேற்றும் என்பதை இங்கே நினைவில் வை.

பாதி உருகிய சதுப்பில் மீத்தேன் உண்டாக்குவதில் முன்நிற்கும் உயிர் ஒன்றை 2014இல் அறிவித்தார்கள்: மெத்தனோஃப்ளோரன்ஸ் ஸ்டோர்டாலன்மைரென்சிஸ். இது பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற வேறொரு நுண்ணுயிர்க் குலம். ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேன் ஆக்குவது இதன் பிழைப்பு. ஆய்வகத் தட்டில் வளர்த்து இதைக் கண்டுபிடிக்கவில்லை. மண்ணில் கலந்து கிடந்த டிஎன்ஏ துணுக்குகளைப் பொருத்திப் பொருத்தி இதன் மரபணுத் தொகுதியை மீட்டார்கள். இது சேர்ந்த கூட்டத்துக்கு ஏற்கெனவே 'ரைஸ் கிளஸ்டர் 2' என்று பெயர் இருந்தது, நெல்வேர்களில் முதலில் தென்பட்டதால். நீர் கட்டிய வயலும் ஆர்க்டிக் சதுப்பும் இவற்றுக்கு ஒன்றுதான்: ஆக்சிஜன் இல்லாத சேறு. உருகல் முற்ற முற்ற, அசிட்டேட்டைத் தின்று மீத்தேன் விடும் வேறு ஆர்க்கியாக்களின் கை ஓங்குகிறது.

காட்டு மண்ணைப் பற்றி நீ எழுதவே இல்லை. அங்கே கதை பூஞ்சைகளுடையது. வட ஸ்வீடனில் ஹோர்னாவன், உட்யாவுரே என்ற ஏரிகளில் சிறிதும் பெரிதுமாகப் பல தீவுகள். பெரிய தீவில் மின்னல் விழுந்து தீப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம். சின்னத் தீவுகள் சில ஆயிரம் ஆண்டுகள் எரியாமலே இருந்திருக்கின்றன. எரியாத இடத்தில் மட்கு தடித்துக்கொண்டே போகிறது. மேலே உதிரும் இலையும் ஊசியிலையும்தான் மட்காகின்றன என்று நெடுங்காலம் நம்பினார்கள். இந்தத் தீவுகளைப் பற்றி 2013இல் வந்த ஆய்வோ, மண்ணில் சேர்ந்த கார்பனில் 50 முதல் 70 சதவீதம் வேர்களிலிருந்தும் அவற்றோடு வாழும் பூஞ்சைகளிலிருந்தும் வந்தது என்றது. அந்தப் பூஞ்சைகளிலும் எல்லாம் ஒரே குணம் இல்லை. மரவேர்களோடு கூடி, கயிறு திரித்ததுபோல் இழை நீட்டும் வகைகள் மட்கைச் சிதைத்து நைட்ரஜனை எடுக்கின்றன. புதர்ச்செடி வேர்களோடு கூடும் வகைகளின் இழைகளில் மெலனின் ஏறிக் கறுத்திருக்கும். செத்த பிறகும் அவை லேசில் மக்குவதில்லை. எரியாத சின்னத் தீவுகளில் ஆட்சி இந்த இரண்டாம் வகைக்கு.

அன்புடன்,
பெரியப்பா