கருப்பட்டி காபிக்கு மூன்றாவது கடை: பெயரை வாடகைக்கு விடலாமா?

வாசகர் கேட்பது

திருநெல்வேலியில் அப்பா ஆரம்பித்த கருப்பட்டி காபிக் கடையை ஆறு வருடமாக மகன் நடத்துகிறார். பைபாஸில் இரண்டாவது கடை. அதைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். இரண்டிலும் நல்ல கூட்டம். சேலத்துக்காரரான வாடிக்கையாளர் ஒருவர், "உங்கள் பெயரில் எங்கள் ஊரில் ஒரு கடை போட்டுக்கொள்கிறேன், 5 லட்சம் தருகிறேன்" என்று கேட்டு, 50,000 ரூபாயை முன்பணமாகக் கையில் கொடுத்தும் விட்டார். ரசீது கிடையாது. சென்னைக்காரர் ஒருவர் வட மாவட்டங்கள் முழுவதையும் தனக்கே எழுதித் தரச் சொல்கிறார். உள்ளூர்த் தரகர் ஒருவரோ, "மாதம் 15,000 நிச்சய வருமானம் என்று விளம்பரம் கொடுங்கள், ஐம்பது கடை போடலாம்" என்கிறார். பிரான்சைஸ் கொடுக்கலாமா? கொடுத்தால், தொழிலைக் கற்றுக்கொண்டு எதிரிலேயே கடை போட்டுவிட மாட்டார்களா? கடையின் பெயர், உடன்குடி என்ற ஊர்ப் பெயரோடு ‘கருப்பட்டி காபி’ சேர்ந்தது.

வழக்கறிஞர் பதில்

தரகரின் யோசனையை இன்றே கைவிட வேண்டும். கடையில் லாபம் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் ஒரு தொகை தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கினால், சட்டம் அதைக் காபி வியாபாரமாகப் பார்க்காது. பொதுமக்களிடம் வைப்புத்தொகை வசூலித்ததாகப் பார்க்க எல்லா வாய்ப்பும் உண்டு. 1997-இல் வந்த தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், 2019-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டமும் இதற்காகவே இருப்பவை. சொத்தை முடக்கலாம், சிறைக்கும் அனுப்பலாம். பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழிப் பண்ணைகளை 2012-இல் தமிழ்நாடே பார்த்தது. "குஞ்சை வாங்கி வளர்த்தால் மாதம் இவ்வளவு" என்ற வாக்குறுதியை நம்பி நகையை அடகு வைத்தவர்கள் எத்தனையோ பேர். பணம் நின்றதும் பண்ணை நடத்தியவர்கள் மீது 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் வழக்குகள் வந்தன. கோவைச் சிறப்பு நீதிமன்றம் சிறைத் தண்டனைகளும் விதித்தது. அங்கே கோழி, இங்கே காபி என்று வாதாடித் தப்ப முடியாது. ஒப்பந்தத்தை ஒழுங்காக நிறைவேற்றுவதற்காக வாங்கி, முடிவில் திருப்பித் தரும் காப்புத்தொகை வேறு, அதில் தவறில்லை.

இனி சேலத்துக்காரர். இவர் நேர்மையான ஆளாகத் தெரிகிறார். ஆனாலும் அவருக்கு எதைக் கொடுக்கப்போகிறோம் என்பதை வாசகர் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடையின் சாமான்கள் அவர் வாங்கப்போவது, இடம் அவர் பிடிக்கப்போவது, ஆளும் அவருடையவர்கள். திருநெல்வேலியிலிருந்து போவது இரண்டுதான்: ஒன்று பெயர், இன்னொன்று செய்முறை. இந்த இரண்டும் சட்டப்படி வாசகருக்குச் சொந்தமா என்று பார்த்தால், இன்றைய நிலையில் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயரைப் பார்ப்போம். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம், சரக்கு என்ன, எந்த ஊரைச் சேர்ந்தது என்று மட்டும் சொல்லும் சொற்களை ஒருவருக்கே உரிமையாக்க லேசில் சம்மதிக்காது. ‘சிம்லா’ என்ற பெயரைச் சிகரெட்டுக்குக் கேட்டுப் போன பெரிய புகையிலை நிறுவனத்துக்கே கல்கத்தா உயர் நீதிமன்றம் 1970-களில் கைவிரித்துவிட்டது. நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறவர்கள் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகையைப் பார்க்கிறார்கள்; எந்தக் கடைக்காரரும் இன்னொருவரைத் தடுக்க முடியவில்லை. ‘உடன்குடி கருப்பட்டி காபி’க்கும் இதே கதிதான். போதாக்குறைக்கு, உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. சேலம் கடையில் வேறு ஊர்க் கருப்பட்டியைப் போட்டுவிட்டு உடன்குடிப் பலகையைத் தொங்கவிட்டால் அது தனி வழக்கு.

திண்டுக்கல் தலப்பாக்கட்டி பிரியாணியை நினைத்துப் பார்க்கலாம். 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய கடை. அவர் எப்போதும் தலைப்பாகை கட்டியிருந்ததால் வந்த பெயர் அது. அந்தப் பெயருக்கு வலிமை தருவது திண்டுக்கல்லும் இல்லை, பிரியாணியும் இல்லை, தலைப்பாகை. அப்படிப்பட்ட தனித்தன்மையான பெயரை வைத்திருந்தும், ஒத்த பெயரில் கடை போட்டவர்களோடு சென்னை உயர் நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. ஆகவே வாசகர் தம் கடைக்கும் அப்படி ஒரு சொல்லையோ படத்தையோ கண்டுபிடித்து, இருக்கிற பெயரோடு சேர்த்துப் பதிவுக்கு விண்ணப்பிப்பது நல்லது. உணவகச் சேவைக்கு 43-ஆம் வகுப்பு. காபித் தூளாகவும் விற்கும் எண்ணம் இருந்தால் 30-ஆம் வகுப்பும். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையவழிக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். வணிகச் சின்ன இதழில் வெளியானபின் நான்கு மாதம் யாரும் ஆட்சேபிக்கலாம். பதிவு கிடைத்தால் 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதிவாகும் முன்பே வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தைப் பலகையில் போடுவது சட்டப்படி தவறு.

விண்ணப்பம் யார் பெயரில் என்பதை அப்பா உயிரோடும் தெம்போடும் இருக்கும்போதே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துவிட வேண்டும். அப்பா தொடங்கிய பெயர், அண்ணன் வளர்த்தது, தம்பியும் ஒரு கடையில் உழைக்கிறார். மூவரும் பங்குதாரர்களாக ஒரு நிறுவனம் அமைத்து, பெயர் அந்த நிறுவனத்துக்கே சொந்தம் என்று எழுதிக்கொள்வது பாதுகாப்பு. சேலத்துக்காரருக்கு அண்ணன் உரிமை கொடுத்து, அவர் தெருவிலேயே இன்னொருவருக்குத் தம்பி கொடுத்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

செய்முறைக்கு வருவோம். அப்பாவோ மகனோ தம்பியோ கல்லாவில் இல்லாத நாளிலும் அதே காபி வருகிறதா? இதுவரை இருக்கும் இரண்டு கடையையும் குடும்பத்து ஆட்களே நடத்துகிறார்கள். மூன்றாவது மனிதர் கையில் இந்தத் தொழில் எப்படி நடக்கும் என்பது யாருக்கும் தெரியாது. பதநீர் இறங்குவது ஆண்டில் சில மாதங்கள்தான். மற்ற மாதங்களில் கருப்பட்டி விலை ஏறும், சீனி கலந்த கருப்பட்டி சந்தைக்கு வரும். சேலத்துக்காரர் லாபத்துக்காக அதை வாங்கினால், கெட்டுப்போவது திருநெல்வேலிக் கடையின் பெயர். எனவே பிரான்சைஸுக்கு முன்னால், சொந்தச் செலவில், தூரத்து ஊர் ஒன்றில், சம்பள மேலாளரை வைத்து ஒரு கடையை ஓராண்டாவது நடத்திப் பார்ப்பதுதான் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில். அது ஓடினால் பிரான்சைஸ் கொடுக்கலாம். கருப்பட்டிப் பாகையும் காபித் தூள் கலவையையும் தங்கள் கூடத்திலேயே தயாரித்து எல்லாக் கடைக்கும் அனுப்பும் ஏற்பாடும் அதற்குள் வந்துவிட வேண்டும். இந்தியாவில் வியாபார ரகசியத்துக்குத் தனிச் சட்டம் இல்லை. கலவை விகிதத்தைச் சேலத்துக்குச் சொல்லாமல் இருப்பதைவிட வலுவான பாதுகாப்பை எந்த வக்கீலும் எழுதிக் கொடுக்க முடியாது.

பிரான்சைஸுக்கென்றும் நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. அமெரிக்காவில் ஒருவரிடம் பிரான்சைஸ் பணம் வாங்கும் முன், 23 தலைப்புகளில் தொழிலின் எல்லா விவரங்களையும் எழுத்தில் கொடுத்து, 14 நாள் காத்திருக்க வேண்டும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், இரு தரப்பும் கையெழுத்திடும் தாளும்தான். அதனால்தான் தாளில் விட்டுப்போனதை நீதிமன்றத்தில் தேடி எடுக்க முடியாமல் பலர் தவிக்கிறார்கள். ஆனால் சட்டம் கேட்காவிட்டாலும், இரண்டு கடைகளின் உண்மையான வரவு செலவைச் சேலத்துக்காரருக்கு எழுத்தில் காட்டுவது வாசகருக்கே நல்லது. "நன்றாகப் போகும்" என்று வாயால் மிகைப்படுத்திச் சொன்னது, பிறகு ஏமாற்றுப் புகாராகத் திரும்பி வரும்.

எதிரிலேயே கடை போட்டுவிடுவார்களா என்ற பயத்துக்கு 1995-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒன்று பாதிப் பதில் சொல்கிறது. 1993-இல் கோகோ கோலா நிறுவனம் தம்ஸ் அப், லிம்கா முதலிய பெயர்களை பார்லே நிறுவனத்திடமிருந்து வாங்கியது. அவற்றைப் பாட்டிலில் அடைத்து விற்ற குஜராத் பாட்டிலிங் நிறுவனத்தின் பங்குகள் பெப்சி தரப்பின் கைக்குப் போயின. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் வரை, ஓராண்டு அறிவிப்புக் காலமும் சேர்த்து, போட்டிச் சரக்கைத் தொடக் கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தம் முடிந்த பின்பு கதை வேறு. தொழில் செய்யும் உரிமையைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. "விலகிய பின் ஐந்தாண்டு சேலத்தில் காபிக் கடையே போடக் கூடாது" என்று எழுதி வாங்கினால், அந்த வரி காகிதத்தில் கிடக்கும், அவ்வளவுதான். செல்லக்கூடியதை எழுத வேண்டும்: விலகிய அன்றே பலகையை இறக்குவது, பெயர், படம், மெனு அட்டை எதையும் பயன்படுத்தாமல் விடுவது, உணவு விநியோகச் செயலிகளில் உள்ள கடைக் கணக்கையும் கடையின் கைபேசி எண்ணையும் ஒப்படைப்பது, கற்ற ரகசியத்தைக் காப்பது. அதே பங்கு விவகாரத்தை நினைத்து, எழுத்துச் சம்மதம் இல்லாமல் கடையை வேறொருவருக்கு மாற்றக் கூடாது என்ற வரியும் கட்டாயம் வேண்டும்.

பணத்தில் ஒரு கணக்கைப் பலரும் போடாமல் விடுகிறார்கள். உதாரணத்துக்கு, சேலம் கடை மாதம் 3 லட்சம் விற்கிறது, ராயல்டி 5 சதவீதம் என்று வைத்தால் 15,000 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2,700. சாதாரண உணவகங்கள் 5 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவு இல்லாமல் கட்டுவதால், அந்த 2,700-ஐ அவர் எங்கும் கழித்துக்கொள்ள முடியாது. அவருக்கு ராயல்டி உண்மையில் 17,700. வாடகை, மாஸ்டர் சம்பளம், கேஸ் போக அவர் கையில் என்ன மிஞ்சும் என்பதை அவரோடு சேர்ந்து உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். கூலி அளவுக்கும் மிஞ்சாது என்றால், அவர் முதலில் குறைத்துக் காட்டுவது விற்பனைக் கணக்கைத்தான். எல்லாக் கடைக்கும் ஒரே பில்லிங் மென்பொருள் இருப்பது இதற்காகவே. பாகையும் தூளையும் விற்கும் விலையிலேயே நியாயமான லாபத்தை வைத்துக்கொண்டு ராயல்டியைக் குறைப்பது சிறு கடைகளுக்கு இன்னும் பொருத்தமாக இருக்கும்.

உணவுப் பாதுகாப்பு உரிமம் ஒவ்வொரு கடைக்கும் தனி. திருநெல்வேலி உரிமத்தின் நகலைச் சேலத்தில் மாட்ட முடியாது. 2017 ஜூனில் டெல்லியில் மெக்டொனால்ட்ஸின் 55 கடைகளில் 43 மூடப்பட்டதற்குக் காலாவதியான உரிமங்களே காரணம். அங்கே கூட்டாளிகளுக்குள் 2013-இல் தொடங்கிய சண்டை 2019-இல்தான் தீர்ந்தது. இடையில் 169 கடைகளின் உரிமை ரத்து செய்யப்பட்டு, வழக்குமேல் வழக்கு நடந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தப் பாடு. தகராறு வந்தால் எந்த ஊரில் நடுவர் விசாரணை என்பதைச் சேலம் ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். நடுவரை வாசகரே தனியாக நியமிப்பதாக எழுதினால் செல்லாது. 2019-இலேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது.

சென்னைக்காரருக்கு இப்போது இல்லை என்பதே பதில். மெக்டொனால்ட் சகோதரர்கள் கலிபோர்னியாவில் நடத்திய ஒரே கடையைப் பார்த்து வியந்த ரே கிராக், நாடு முழுவதும் பிரான்சைஸ் கொடுக்கும் உரிமையை 1954-இல் அவர்களிடம் வாங்கினார். கடைக்காரர்கள் கட்டிய 1.9 சதவீதத்தில் சகோதரர்களுக்கு வந்தது 0.5. 1961-இல் 27 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு அவர்கள் ஒதுங்கினார்கள். தங்கள் சொந்தக் கடையிலிருந்தே தங்கள் குடும்பப் பெயரை எடுத்துவிட்டு, வேறு பெயர் வைக்க வேண்டிவந்தது. ஒரு கடையைக்கூடத் தூரத்தில் நடத்திப் பார்க்காத நிலையில் பாதித் தமிழ்நாட்டை எழுதிக் கொடுப்பது அதைவிட அவசரம்.

கடைசியாக அந்த 50,000. இந்த வாரமே அதைச் சேலத்துக்காரரின் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்பி, "ரொக்கமாகப் பெற்ற முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்பட்டது, நமக்குள் ஒப்பந்தம் எதுவும் ஏற்படவில்லை" என்று ஒரு கடிதம் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். விருப்பமிருந்தால் ஓராண்டு கழித்து முதல் வாய்ப்பு அவருக்கே என்று நேரில் சொல்லிவைக்கலாம். அதுவரை திருநெல்வேலிக் கடைக்கு வந்து, பாய்லர் பக்கத்தில் நின்று தொழில் பார்க்க அவர் சம்மதிக்கிறாரா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.