ஒரு கியரின் பின்னால் ஓர் ஆண்டு

பொறியியல் முடித்துவிட்டு ஓரகடத்திலோ ஓசூரிலோ ஒரு தொழிற்சாலையில் ஜி.இ.டி. என்கிற பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளராகச் சேர்கிறவர் கையில் முதல் வாரமே ஓர் அட்டவணையைக் கொடுப்பார்கள். மெஷின் ஷாப்பில் ஆறு வாரம், ஹீட் ட்ரீட்மென்ட்டில் நான்கு வாரம், அப்புறம் தரக் கட்டுப்பாடு, கொள்முதல், ஸ்டோர், அசெம்பிளி என்று ஏறக்குறைய ஓர் ஆண்டுக்குத் துறை மாறித் துறை போகவேண்டும். பார்ப்பதற்குக் கல்லூரிப் பாடத்திட்டம் போலவே இருப்பதால் பலரும் அதைப் பாடத்திட்டமாகவே நடத்துகிறார்கள். ஒவ்வொரு துறையிலும் சொல்வதைக் குறித்துக்கொண்டு, கடைசி நாளில் நான்கு ஸ்லைடு காட்டிவிட்டு அடுத்த துறைக்கு நகர்கிறார்கள். ஆண்டு முடியும்போது பத்துத் துறைகளின் பெயர் தெரிந்திருக்கும், ஒன்றிலும் கை படிந்திருக்காது. இந்த ஆண்டைத் துறை துறையாகப் படிக்கவே கூடாது. ஒரே ஒரு பாகத்தைத் தேர்ந்துகொண்டு, அது போகிற வழியெல்லாம் பின்னாலேயே போகவேண்டும். அதை எப்படிச் செய்வது, ஏன் அதுவே பலன் தரும் என்று நான் நினைக்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

சேருவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வேலைக் கடிதத்தில் உங்களை என்ன பெயரில் எடுக்கிறார்கள் என்று நிதானமாகப் படியுங்கள். 'டிரெய்னி' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நிலைகள் ஒளிந்திருக்கின்றன. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் எடுக்கப்படுகிற அப்ரன்டிஸ், சட்டத்தின் பார்வையில் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர் மட்டுமே. ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தாலொழிய, பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது. ஜி.இ.டி. பொதுவாக நிறுவனத்தின் ஊழியர் பட்டியலில் வருபவர். அவருக்குச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி எல்லாம் உண்டு, வழக்கமாக ஓராண்டுக்குப் பின் பணி உறுதி செய்யப்படும். இரண்டிலும் கற்கலாம், ஆனால் எதில் சேர்கிறோம் என்று தெரிந்து சேரவேண்டும். இத்தனை ஆண்டு விலகமாட்டேன் என்று பாண்டு கேட்டால், "அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்கிற நண்பர்களின் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்று விஜயா வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அது ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கு, எல்லா பாண்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை என்பதை அப்பா அம்மாவுடன் உட்கார்ந்து பேசிவிட்டுக் கையெழுத்திடுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், ஒப்படைத்துவிட்டு வரவேண்டாம்.

இனி அந்தப் பாகம். கியர்பாக்ஸ் செய்கிற ஆலை என்றால் ஒரு கியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ஜிங்காக வெளியிலிருந்து வந்து, லேத்தில் கடைந்து, ஹாப்பிங்கில் பல் வெட்டி, 900 டிகிரிக்கு மேலான உலையில் மேல்தோலில் கரி ஏற்றி, எண்ணெயில் குளிரவைத்து, கிரைண்டிங்கில் தேய்த்து முடித்தபின் அது அசெம்பிளிக்குப் போகும். உலையில் கியர் சற்றுக் கோணும் என்று தெரிந்தே, தேய்ப்பதற்கென்று கொஞ்சம் உலோகத்தைப் பல்லில் மிச்சம் வைத்திருப்பார்கள். டிராயிங்கில் அது ஒரு சின்ன எண்தான். உலைத் தட்டில் கியரை அடுக்குகிற விதம் மாறினால் கோணல் கூடும். கோணல் கூடினால் ஒரு பக்கம் அதிகமாகத் தேய்த்தாக வேண்டும், அப்போது அரும்பாடுபட்டு ஏற்றிய கடினத் தோலும் சேர்ந்து தேய்ந்துபோகும். கிரைண்டிங் துறையில் நான்கு வாரம் மட்டும் இருந்தவருக்கு இது "மெஷின் செட்டிங் பிரச்சினை" என்று தோன்றும். கியரோடு வந்தவருக்குத்தான் கோளாறு உலையில் பிறந்ததா, அல்லது அந்த முறை வந்த எஃகின் தன்மையில், அதாவது கொள்முதல் மேஜையில், பிறந்ததா என்று கேட்கத் தோன்றும். ஒரு துறையில் பிறக்கிற பிழை இன்னொரு துறையில்தான் கண்ணில் படும். துறைகளுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த வழி முழுதாகத் தெரிவது கடினம். துறை மாறிப் போகும் பயிற்சியாளருக்கு மட்டும் அதைப் பார்க்க அனுமதி இருக்கிறது.

இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ஏட்டா என்ற ஊரில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் பால் தொழிற்சாலை போதிய பால் வராமல் நட்டத்தில் கிடந்தது. இயந்திரங்களில் கோளாறில்லை, சுற்றியிருந்த கிராமங்களின் வறுமைதான் காரணம் என்று கண்டு, 1976இல் அங்கே ஒரு கிராம வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் தொடர்ச்சியாக, நிறுவனத்தின் மேலாண்மைப் பயிற்சியாளர்கள் சில வாரங்கள் கிராமத்தில் தங்குவது பயிற்சியின் ஒரு பகுதியானது. ஆலைச் சுவருக்குள் இருந்தபடி அந்த நட்டத்தின் காரணத்தை யாரும் கண்டிருக்க முடியாது. உங்கள் கியருக்கும் இதே கதைதான். முடிந்தால் சப்ளையரின் ஃபோர்ஜிங் பட்டறையையும், உடைந்து திரும்பி வரும் கியர்பாக்ஸைப் பிரிக்கிற வாரன்டி பிரிவையும் ஒரு நாளாவது போய்ப் பார்க்கக் கேளுங்கள். அட்டவணையில் இவை இல்லாமல் போகலாம். கேட்டால்தான் கிடைக்கும்.

ஒவ்வொரு துறையிலும் முதல் சில நாட்கள் நின்று பாருங்கள். டொயோட்டாவின் டாயிச்சி ஓனோ, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் பொறியாளரை மணிக்கணக்கில் நிறுத்திவைப்பார் என்று சொல்வார்கள். கண் பழகுகிற வரை கேள்வி பிறக்காது என்பதுதான் அதன் பொருள். பிறகு கேளுங்கள், முதலில் ஆபரேட்டரிடம். இருபது ஆண்டு அதே மெஷினில் நின்றவரிடம் "அண்ணே, இந்தப் பீஸை ஏன் தனியா எடுத்து வைக்கிறீங்க?" என்று கேட்டால் வருகிற பதில் எந்தக் கையேட்டிலும் இருக்காது. வேலை நடுவில் கேட்காதீர்கள், டீ நேரத்தில் கேளுங்கள். அவர் சொன்னதை உங்கள் கண்டுபிடிப்பு போல மேலே போய்ச் சொல்லாதீர்கள், அவர் பெயரோடு சொல்லுங்கள். இரவு ஷிஃப்டிலும் ஒரு வாரம் இருங்கள், பகலில் மறைந்திருப்பது இரவில் தெரியும். பெண் பயிற்சியாளர் என்றால் அட்டவணை மெல்ல மெல்ல ஆய்வகம், ஆவணம் என்று சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆலைகளில் பெண்களுக்கு இருந்த இரவுப் பணித் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டது. போக்குவரத்து, பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு மெஷின் ஷாப்புக்குள் போவது உங்கள் உரிமை.

துறையை விட்டுக் கிளம்புமுன் ஒரு சிறு வேலையை முடித்துக் கொடுங்கள். பெரிதாக எதுவும் வேண்டாம். கழித்த பீஸ்கள் கிடக்கிற சிவப்புத் தொட்டியை இரண்டு வாரம் தினமும் கொட்டி, எது எதனால் கழிந்தது என்று எண்ணி எழுதுங்கள். எந்தக் காரணம் எத்தனை முறை வந்தது என்று ஒரே தாளில் வரிசைப்படுத்திச் சூப்பர்வைசரிடம் கொடுங்கள். அடுத்த துறைக்குப் போகும்போது அந்தத் தாளின் நகல் உங்களிடம் இருக்கட்டும், கியரின் அடுத்த கேள்வி அதிலிருந்துதான் தொடங்கும். அவருக்கோ நீங்கள் போன பின்னும் உங்களை நினைத்துப் பார்க்க ஒரு காரணம் இருக்கும்.

இந்த நினைவு ஏன் முக்கியம்? பணிச் சுழற்சியைப் பற்றி 2001இல் மேனேஜ்மென்ட் சயன்ஸ் இதழில் எழுதிய ஹைமே ஒர்டேகா, அது ஊழியருக்கு மட்டுமல்ல, நிறுவனத்துக்கும் கற்கும் வழி என்று வாதிட்டார். யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்பதை ஒருவரைப் பல இடங்களில் வைத்துப் பார்த்து நிறுவனம் தெரிந்துகொள்கிறது. அப்படியானால் கடைசி மாத நேர்காணலில் உங்கள் இடம் முடிவாகிறது என்று எண்ணிக் காத்திருப்பது தவறு. அது ஒவ்வொரு துறையிலும், உங்களைப் பற்றிக் கேட்டால் அந்தச் சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்பதில் கொஞ்சம் கொஞ்சமாக முடிவாகிக்கொண்டிருக்கிறது.

ஒரு துறையிலேயே ஊன்றி நின்ற நண்பன் நம்மைவிட முந்திவிட மாட்டானா என்ற கேள்வி நியாயமானது. மைக்கேல் கேம்பியனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு மருந்து நிறுவனத்தின் நிதிப் பிரிவில் ஆராய்ந்து 1994இல் வெளியிட்ட முடிவுகளில், பணிச் சுழற்சி பதவி உயர்வோடும் சம்பள உயர்வோடும் சேர்ந்தே காணப்பட்டது. கூடுதல் வேலைச் சுமை, உற்பத்தித் திறன் இழப்பு போன்ற விலைகளையும் அவர்கள் மறைக்கவில்லை. ஓராண்டுக்கு உங்கள் கை மெதுவாகத்தான் இருக்கும், அது உண்மை. எந்தத் தொழில் வேண்டும் என்று ஏற்கெனவே தீர்மானமாகத் தெரிந்தவர், சிப் வடிவமைப்புதான் என்று இருப்பவர், சுற்றத் தேவையில்லை, நேராக அங்கே போகலாம். தீர்மானம் இல்லாதவருக்கு, கொடுக்கிற விலைக்கு ஈடாகக் கிடைப்பது இந்த முழு வழியின் அறிவு. ஒரே பாகம் என்றால் பார்வை குறுகிவிடாதா என்றும் கேட்கலாம். கியர் எல்லாத் துறைக்கும் போகிறது, அதனால் நீங்களும் எல்லாத் துறைக்கும் போகிறீர்கள். வேறுபாடு ஒன்றுதான், கையில் ஒரு கேள்வியோடு போகிறீர்கள்.

இன்னொரு குறை கனமானது. பயிற்சி என்று பெயர் வைத்து, வராத ஆபரேட்டருக்குப் பதிலாக லைனில் நிறுத்திவிடுகிறார்கள் என்பது. இது நடக்கிறது. இரண்டு வாரம் லைனில் நின்றால் அது கல்விதான், அந்தக் களைப்பை அறியாத பொறியாளர் நல்ல பொறியாளராக மாட்டார். இரண்டு மாதம் ஒரே இடத்தில் நிறுத்தினால் அது பயிற்சி அல்ல. தேதிவாரியாக எங்கே இருந்தேன், என்ன செய்தேன் என்று நோட்டில் எழுதி வையுங்கள். அட்டவணையையும் அந்தக் குறிப்பையும் இணைத்து மனிதவளத் துறைக்கு மரியாதையான ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு மறந்துபோகும், எழுத்துக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

ஆண்டு முடிந்து எந்தத் துறை வேண்டும் என்று கேட்கும்போது, ஏ.சி. இருக்கிற துறையைச் சொல்லாதீர்கள். நோட்டைப் புரட்டி, உங்கள் கியர் அதிகமாகத் தடுக்கி விழுந்த இடம் எது என்று பாருங்கள். அந்த இடத்தைக் கேளுங்கள். அங்கேதான் வேலை இருக்கிறது.