சிவிக் வாங்க முன்

அன்பு மருமகனுக்கு,

நீ அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். 1999ஆம் ஆண்டு சிவிக் எஸ்ஐஆர், கறுப்பு, கறள் இல்லை, எஞ்சினில் ஒருவரும் கை வைக்கவில்லை என்று போட்டிருக்கிறார்கள். கேட்கிற விலைக்குப் புதுக் காரே எடுக்கலாம். "உங்கட காலத்துக் கார் மாமா, லோன் போட்டு எடுக்கட்டா?" என்று கீழே கேட்டிருக்கிறாய். எடுக்காதே. காரணத்தை ஃபோனில் சொன்னால் "சரி மாமா" என்றுவிட்டு அடுத்த கிழமை எடுத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அது எங்கட காலத்துக் கார் என்பது உண்மை. ஆனால் எங்களில் ஒருவரிடமும் எஸ்ஐஆர் இருக்கவில்லை. ஷோரூமில் புதிதாக நின்றபோது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. எங்கள் கையில் இருந்தவை, அம்மாவோ மாமியோ ஃபாக்டரி வேலைக்கு ஓடித் தேய்த்து முடித்த டிஎக்ஸ், எல்எக்ஸ் ரகச் சிவிக்குகள். 106 குதிரைச்சக்தி. கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி. பின்சக்கர வளைவில் றோட்டு உப்பு தின்ற ஓட்டை. அந்தக் காரை ஒருவரும் மதிக்காததால்தான் அது எங்களிடம் வந்தது. பிழையாகக் கழற்றினாலும், ஒரு போல்ற் முறிந்தாலும் குடி முழுகிப் போகாது. நான் உனக்குச் சொல்ல வருவது முழுக்க இந்த மலிவைப் பற்றித்தான்.

ஒன்ராறியோவில் சிவிக் மலிந்து கிடந்ததற்குக் காரணம் இருந்தது. ரொறொன்ரோவுக்கு வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் அலிஸ்டனில் ஹொண்டா 1986இல் தொழிற்சாலை திறந்தது. கனடாவில் கார் கட்டிய முதல் ஜப்பானியக் கம்பனி அதுதான். 1998இலிருந்து வருடக்கணக்காக இந்த நாட்டில் அதிகம் விற்ற கார் சிவிக். அதிகம் விற்கிற கார் அதிகம் மோதுப்படும், அதிகம் ஜங்க் யார்டுக்குப் போகும். கதவு, சீற், ஹெட்லைற், கியர்பொக்ஸ் என்று எது வேண்டுமானாலும் ஸ்பனர் செட்டோடு போய் நாங்களே கழற்றிக்கொண்டு வந்தோம்.

அதைவிடப் பெரிய வசதி, ஹொண்டாவின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியது. அந்தக் கால இன்டெக்ராவும் சிவிக்கும் அடியில் கிட்டத்தட்டச் சகோதரங்கள். மோதி நொறுங்கிய இன்டெக்ராவின் பின் டிஸ்க் பிரேக் சிவிக்கின் டிரம் பிரேக் இருந்த இடத்தில் ஏறும். அதன் தடித்த ஸ்வே பாரும் ஏறும். சரியான மவுண்ட் கிடைத்தால் எஞ்சினே ஏறும். ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் வருடமும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் ஷாக்கென் என்ற பரிசோதனை உண்டு. அந்தச் செலவுக்குப் பயந்து நன்றாக ஓடுகிற கார்களையே கழித்துவிடுவார்கள். அவற்றின் எஞ்சின்கள் கண்டெய்னரில் இங்கே வந்து இறங்கின. ஒரு கோடை முழுக்கப் பீட்சா டெலிவரி செய்த காசில் பி16 எஞ்சின், கியர்பொக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரு பலகைத் தட்டில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

அந்த பி16 எங்களை ஏன் அப்படி ஆட்டிவைத்தது என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. 1.6 லீற்றர், டர்போ கிடையாது. 1989இல் ஜப்பான் இன்டெக்ராவில் வந்தபோதே 160 குதிரைச்சக்தி. ஒவ்வொரு சோடி வால்வுக்கும் காம்ஷாஃப்டில் மூன்று புடைப்புகள். மெதுவாகப் போகும்போது ஓரத்து இரண்டும்தான் வேலை செய்யும். கார் சாதுவாகப் போகும். நிமிடத்துக்கு 5,500 சுற்று என்ற அளவைத் தொட்டதும் ஒயில் அழுத்தம் சின்ன ஊசிகளைத் தள்ளி ரொக்கர் கைகள் மூன்றையும் ஒன்றாகப் பூட்டும். அதன்பிறகு நடுவிலுள்ள உயரமான புடைப்பின் ஆட்சி. வால்வு இன்னும் ஆழமாகத் திறக்கும், இன்னும் கூட நேரம் திறந்திருக்கும். எஞ்சினின் குரலே மாறி 8,000 வரை ஏறும். ஒரு தொன் அளவு எடையுள்ள காரில், அதுவும் நீயே இறக்கி ஏற்றிய எஞ்சினில் அந்தக் குரல் மாறுவதை நீ ஒருநாள் கேட்கவேண்டும். உன் ஆசையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இது எங்களோடு தொடங்கிய விஷயமும் இல்லை. தென் கலிபோர்னியாவில் ஜப்பானிய, சீன, பிலிப்பினோக் குடும்பத்துப் பெடியள் தொடங்கியது. லொஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே பாம்டேலில் 1990இலேயே ஜப்பானியக் கார்களுக்கென்று இழுவைப் பந்தயம் நடந்தது. எங்களுக்கு அது பத்திரிகை வழியாக வந்தது. சுப்பர் ஸ்ட்ரீட்டில் படம் பார்த்தோம்; ஸ்போர்ட் கொம்பாக்ட் காரில்தான் பாடம் படித்தோம். எந்தப் பாகத்தை மாற்றினால் எவ்வளவு கூடுகிறது என்று அளந்து காட்டியது அது. 2001இல் 'த ஃபாஸ்ட் அண்ட் த ஃபியூரியஸ்' வந்த பிறகு காசெல்லாம் பொடி கிட்டுக்கும் ஸ்ரிக்கருக்கும் நியோன் லைற்றுக்கும் போகத் தொடங்கியது. பலர் அந்தப் படத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்பார்கள். கை அழுக்காகிற வேலை குறையத் தொடங்கியதும் அதோடுதான் என்பது என் எண்ணம்.

வீட்டுப் பெரியவர்களுக்கு எதுவும் விளங்கவில்லை. ஓடுகிற காரை ஏன் கழற்றுகிறாய் என்று கேட்டார்கள். கேட்டவர்கள் யார் என்று பார். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய மொரிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள். ஸ்ரார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல் விட்டு, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றியவர்கள். உன்ர அம்மப்பா எங்கள் கராஜுக்குள் வந்து முதலில் ஏசினார். பிறகு ரோர்ச் லைற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். காபரேற்றர் இல்லாமல் பெற்றோல் எப்படிச் சரியான அளவில் போகிறது என்பதை அவரால் அறியாமல் இருக்க முடியவில்லை. கழற்றிய போல்ற்றுகளை ஒரு மட்டையில் படம் கீறி, அது அது இருந்த இடத்தில் குத்திவைக்கும் பழக்கம் அவர் எனக்குத் தந்தது. நீயும் அப்படித்தான் செய்யப்போகிறாய். ஃபோனில் படம் எடுத்தால் போதும் என்று சொல்லாதே.

இப்போது அந்த எஸ்ஐஆருக்கு வருவோம். அது ஏன் இந்த விலை என்று யோசித்தாயா? காப்புறுதிக் கம்பனிகளின் அமைப்பு வருடாவருடம் வெளியிடும் அதிகம் திருடப்பட்ட கார்களின் பட்டியலில், 1999, 2000ஆம் ஆண்டு எஸ்ஐஆர்கள் இரண்டும் பல வருடம் தலையில் நின்றன. கனடாவில் இம்மொபிலைசர் புதுக் கார்களுக்குக் கட்டாயமானது 2007 செப்டெம்பரில்தான். அதற்கு முந்தியவற்றைத் திருடுவது சுலபம், உள்ளே இருந்ததோ எல்லாரும் தேடிய அந்த பி16 எஞ்சின். திருடர் கொண்டுபோனது போக, உப்பு தின்றது போக, பெடியள் வெட்டி ஒட்டியது போக மிஞ்சியவை கொஞ்சம். மிஞ்சியதை வாங்குகிறவர்கள் என் வயதுக்காரர். அன்று முடியாததை இன்று காசு வந்ததும் வாங்குகிறார்கள். 2020இல் அமெரிக்காவில், அதே காரின் அங்கத்தைய வடிவமான சிவிக் எஸ்ஐ ஒன்று, அதிகம் ஓடாதது, ஏலத்தில் 50,000 டொலருக்குப் போனது. அவர்களில் நான் பிழை காணவில்லை. ஆனால் அந்த விலை கொடுத்து வாங்கிய காரை உன்னால் மழையில் எடுக்க முடியாது. ஒரு போல்ற்றைத் திருப்பக் கை நடுங்கும். ஒவ்வொரு மாற்றமும் அதன் விலையைக் குறைக்கும் என்று கணக்குப் பார்ப்பாய். லோன் கட்டுவதற்காக வேலை செய்வாய், கார் துணி போர்த்தி நிற்கும். நாங்கள் அனுபவித்ததில் ஒரு துளியும் உனக்குக் கிடைக்காது.

உனக்கு வேண்டியது இன்று ஒருவரும் மதிக்காத கார். ஹொண்டா ஃபிட்டைப் பார். 2007, 2008ஆம் ஆண்டுக் கார், மனுவல் கியர். 1.5 லீற்றர், 109 குதிரைச்சக்தி. எங்கள் டிஎக்ஸில் இருந்த கிட்டத்தட்ட அதே அளவு. எங்கள் சிவிக்குக்கு நாலு சக்கரத்திலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் இருந்தது, இதற்குக் கிடையாது. பின்பக்கம் வெறும் குறுக்குச் சட்டம். பரவாயில்லை. எடை குறைவு, பாகம் கிடைக்கும், பல்கலைக்கழகப் பிள்ளையும் கிழவியும் ஓட்டுகிற கார் என்பதால் விலை ஏறாது. கொஞ்சம் காசு கூட இருந்தால் அக்யூரா சிஎஸ்எக்ஸ் டைப்-எஸ் தேடு. கனடாவில் மட்டும் விற்ற கார், அலிஸ்டனில் கட்டியது, 2 லீற்றர், 197 குதிரைச்சக்தி, அதுவும் 8,000 வரை சுற்றும். நான் உன்னுடைய இடத்தில் நின்றால் முதலில் ஃபிட்தான். வேகம் குறைந்த காரில்தான் ஓட்டம் பழகும்.

வாங்கி முதல் வருடம் எஞ்சின் பக்கம் போகாதே. பிரேக் ஃப்ளூயிட்டை முழுதாக மாற்று, பாட் மாற்று, ஷொக் மாற்று. பிறகு உன்னால் வாங்க முடிந்ததில் ஆகத் திறமான ரயர். குளிர்காலத்துக்கு வேறு நாலு. காரைப் பதிக்கிறேன் என்று ஸ்பிரிங்கை வெட்டாதே. வெட்டினால் ஷொக் அடியில் போய் இடிக்கும், வளைவில் சக்கரம் நிலத்தை விட்டு எழும்பும். இவ்வளவையும் உன் கையாலேயே செய்துவிட்டாய் என்றால் அந்தக் காரின் ஒவ்வொரு சத்தமும் எங்கிருந்து வருகிறது என்று உனக்குத் தெரிந்திருக்கும். பிறகு எஞ்சினைப் பற்றிக் கதைப்போம். அப்போதும் ரசீதும் எஞ்சின் நம்பரும் இல்லாமல் ஒருவன் மலிவாகத் தருகிற எஞ்சினைத் தொடக்கூடாது. எங்கள் நாளில் அதைக் கேட்காமல் வாங்கியவர்கள் இருந்தார்கள். அந்த எஞ்சின் யாரோ ஒருவர் வேலைக்குப் போக வெளியே வந்தபோது காணாமல் போன காரினுடையது.

இன்னொன்றைக் கட்டாயம் எழுதவேண்டும். 2006 ஜனவரியில் ரொறொன்ரோ மவுண்ட் பிளெசன்ட் றோட்டில் இரண்டு பெடியள் போட்டிக்கு ஓடினார்கள். இருவருக்கும் 18 வயது. ஒரு டாக்ஸி ஓட்டுநர் செத்துப்போனார். கனடியக் குடியுரிமை பெற அவருக்குச் சில நாட்களே இருந்தன. ஓட்டியவை மெர்சிடிஸ் கார்கள், சிவிக் அல்ல. அதனால் என்ன? றோட்டில் போட்டி ஓடுகிற எல்லாருக்கும் அந்தச் சாவு பொருந்தும். அடுத்த வருடம் செப்டெம்பர் 30இலிருந்து ஒன்ராறியோவில் ஸ்ரண்ட் டிரைவிங் சட்டம் வந்தது. இன்று வேக எல்லைக்கு மேல் 50 கிலோமீற்றர் போனால், 80க்குக் குறைந்த எல்லையுள்ள றோட்டில் 40 போனாலே, அந்த இடத்திலேயே லைசென்ஸ் 30 நாள், கார் 14 நாள் போய்விடும். பிறகு கோர்ட்டில் குறைந்தது 2,000 டொலர். நான் சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. உனக்கு வேகம் வேண்டுமென்றால் கயூகாவில் கால் மைல் தடம் இருக்கிறது. காசு கட்டி, ஹெல்மெற் போட்டு, பச்சை லைற் விழ ஓடலாம். நான் கூட்டிக்கொண்டு போவேன். றோட்டில் ஒருதரம் ஓடினாய் என்று தெரிந்தாலும் என் கராஜ் கதவு உனக்குத் திறக்காது.

கராஜ் என்றதும்தான் ஞாபகம். அக்காவின் கொண்டோ நிலத்தடிப் பார்க்கிங்கில் கார் கழற்ற விடமாட்டார்கள், கேட்டும் பார்க்காதே. என் கராஜின் இடப்பக்கத்தை ஒதுக்கித் தருகிறேன். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகக்கூடாது, ஸ்ராண்ட் வைத்த பிறகுதான். கிழமை நாட்களில் இரவில் இம்பாக்ட் கன் வேண்டாம், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. டூல்ஸ் எதுவும் இப்போது வாங்காதே. ரோர்க் ரென்ச் உட்பட எல்லாம் இங்கே இருக்கிறது.

இன்சூரன்ஸுக்கு நீயே ஃபோன் செய். உன் பெயரில், உன் வயதுக்கு, அந்தக் காருக்கு எவ்வளவு என்று கேள். பிறகு ரயரும் சஸ்பென்ஷனும் மாற்றப்போகிறேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிக் கேள்; சொல்லாமல் மாற்றினால் விபத்து நடந்த அன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டு காசு தர மறுக்கலாம். பதிலை எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்பு. அந்தத் தொகையை உன் சம்பளத்தில் கட்ட முடிந்தால் கார் பார்க்கப் போவோம். போகிற அன்று ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு வா. பின்சக்கர வளைவில் வைத்துப் பார்க்கவேண்டும். அது ஒட்டாத இடத்தில் உள்ளே தகரம் இல்லை, பட்டிதான். அக்காவிடம் நான் கதைக்கிறேன்.

அன்புடன்,
மாமா