சொல் வரும்வரை

நுழையும்முன்

வகுப்பில் பேசாதிருக்கும் மாணவர் எதுவும் அறியாதவர் என்று எண்ணுவது சரியா? ஆட்டிசம் உடைய மாணவரைப் புரிந்துகொள்ளவும், அவரோடு இணைந்து கற்கவும் வழிகாட்டுகிறது இப்பாடம்.

ஸ்ரீவைகுண்டத்துக் குழந்தை

தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டம், பதினேழாம் நூற்றாண்டுப் புலவர் குமரகுருபரர் பிறந்த ஊர். அவர் ஐந்து வயதுவரை பேசவில்லை என்றும், பெற்றோர் திருச்செந்தூர் முருகனை வேண்டியபின் பேச்சு வரப்பெற்றுக் கந்தர் கலிவெண்பா பாடினார் என்றும் அவர்தம் வரலாறு கூறும். இதைக்கொண்டு அவருக்கு ஆட்டிசம் இருந்தது என்று கூற இயலாது. ஆயினும், பேசாதிருந்த அக்குழந்தையே பின்னாளில் மதுரைக் கலம்பகமும் நீதிநெறி விளக்கமும் இயற்றியது. பேச்சைக் கொண்டு மட்டும் அறிவை அளந்துவிடலாகாது என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்றாகும்.

பெயரும் பொருளும்

1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர், 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தை விளக்கினார். தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் புற உலகச் சிந்தனையின்மை என்றும் வழங்குவர். இப்பெயர்களைக் கேட்போர், இவர்கள் உலகையே உணராதவர்கள் எனக் கருதக்கூடும். உண்மையில் இவர்களுள் பலர் ஒலியையும் ஒளியையும் நம்மினும் மிகுதியாக உணர்கின்றனர். ஆட்டிசம் நோயன்று, வளர்ப்பின் பிழையுமன்று. மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடே அது. அதன் இயல்பு ஒருவருக்கொருவர் வேறுபடும்.

வகுப்பறையில்

மணியோசை கேட்டதும் ஒரு மாணவர் காதுகளைப் பொத்திக்கொள்கிறார். பாடவேளை திடீரென மாறினால் கலங்குகிறார். ‘காதைக் கொடுத்துக் கேள்’ என்றால், காதை எப்படிக் கொடுப்பது எனத் திகைக்கிறார். இவற்றை அடங்காமை என்று கொண்டால் தண்டனையே மிஞ்சும். காரணம் அறிந்தால் வழி பிறக்கும்.

அன்றைய பாடவேளைகளைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டலாம். மாற்றம் இருப்பின் முன்னரே தெரிவிக்கலாம். ஒருநேரத்தில் ஒரு செயலை மட்டும் நேரடியான சொற்களில் கூறி, மறுமொழிக்குப் பொறுமையுடன் காத்திருக்கலாம். பேச இயலாதவர் எழுதியோ படத்தைச் சுட்டியோ விடை தரலாம். இரைச்சல் மிகும்போது ஒதுங்கியிருக்க அமைதியான இடம் ஒன்று வேண்டும்.

உரிமையும் கடமையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. அனைவரும் ஒன்றாகக் கற்கும் கல்வியையும், தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய வசதிகளையும் அது வலியுறுத்துகிறது. எனினும், இடைவேளையில் தனித்திருக்கும் மாணவரைக் கேலி செய்யாதிருக்கவும், விளையாட வருகிறாயா என்று கேட்கவும் சட்டத்தால் இயலாது. அது உடன்பயிலும் உங்களால்தான் இயலும். அவர் வர விரும்பாவிடில், அதனையும் மதியுங்கள், மறுநாளும் கேளுங்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பறையில் எழும் ஒலிகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் குறைக்கக்கூடியவற்றைக் குறிப்பிடுக.
2. நேர்ப்பொருள் கொண்டால் குழப்பம் தரும் மரபுத்தொடர்கள் ஐந்தினைத் தொகுத்து, அவற்றை எளிய தொடர்களாக மாற்றுக.