தூங்கும் நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்து, பக்கத்திலேயே பி.ஜி.யில் இடமும் பிடித்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னபோது இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வாரமே மறுபடி போன் செய்தாள். “அமெரிக்கா நேரத்துக்கு வேலையாம் அக்கா. சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்து விடிகாலை மூன்றரைக்கு முடிகிறதாம். எப்போது தூங்குகிறாள், எப்போது சாப்பிடுகிறாள் என்றே தெரியவில்லை” என்று புலம்பினாள்.

வேலையை விடச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ ஆசைப்பட்டுப் படித்து வாங்கிய வேலை, நன்றாகச் செய். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் முறை வைத்து நைட் டூட்டி பார்த்தவள் நான். ஊர் தூங்கும்போது விழித்திருந்து சம்பாதிக்கிறவர்கள் உடம்பை எப்படிக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். அதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லப் போகிறேன்?

எங்கள் வார்டில் மூத்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். நைட் டூட்டி வாரத்தில் காலை ஏழு மணிக்குப் பொறுப்பை ஒப்படைத்ததும் நேராக வீடு. வெந்நீரில் குளியல், இரண்டு இட்லி, ஜன்னலுக்கு மேல் கனமான ஜமக்காளம், வாசல் கதவில் சாக்பீஸால் “நைட் டூட்டி, தட்ட வேண்டாம்” என்ற எழுத்து. எட்டரைக்குப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பார். மாமியார் வந்தாலும், சீட்டுப் பணம் கேட்டு ஆள் வந்தாலும் அந்த நேரம் மாறாது. ஓய்வு பெறும் வரை அவருக்குச் சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை. பகலில் கடைக்குப் போவது, விசேஷ வீட்டுக்குப் போவது என்று தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிய பலர் நாற்பது வயதிலேயே மாத்திரை டப்பாவோடு வந்தார்கள். உடம்பு வாகு, பரம்பரை எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனாலும் நான் கண்டுகொண்டது இதுதான்: நேரம் எதுவாக இருந்தாலும் சரி, அது தினமும் ஒரே நேரமாக இருக்க வேண்டும்.

இது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. நம் மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் இருபதாயிரம் செல்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. அதுதான் உடம்பின் கடிகாரம். வெளிச்சத்தைப் பார்த்து அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். இருட்டியதும் மெலடோனின் சுரப்பதும், விடிவதற்கு முன் உடம்பின் சூடு குறைவதும், காலையில் கார்ட்டிசால் ஏறுவதும் அதன் கணக்குப்படிதான். கல்லீரல், கணையம், குடல் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு நேரமாக மாற்றி மாற்றிப் படுத்து, மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் இந்தக் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அசதி, வயிற்று உப்புசம், எரிச்சல், மாதவிலக்கு தள்ளிப்போவது எல்லாம் அதன் பிறகு வரிசையாக வரும்.

உன் தூக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கேப் உன்னை நாலரைக்கு இறக்கிவிடும் என்றாள் அம்மா. ஐந்து மணிக்குள் படு. பன்னிரண்டு மணிக்கு எழு. ஏழு மணி நேரம், ஒரே மூச்சாக. சூரியன் உதிக்கும் முன்பே நீ அறைக்குள் போய்விடுவது உனக்கு நல்லது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் மூளை பகல் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். கறுப்புத் துணியில் தடிமனான திரை ஒன்று தைத்து மாட்டு. போனைப் படுக்கைக்குக் கை எட்டாத இடத்தில் வை. பகல் ஷிஃப்டுக்குப் போகிற அறைத் தோழிகள் காலையில் கிளம்புகிற சத்தம் இருக்கும். காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள், அவர்களிடமும் அன்பாகச் சொல்லி வை. காலை பத்து மணிக்கு உனக்குப் போன் செய்யக் கூடாது என்று உன் அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். முதலில் முகம் சுளித்தாள், பிறகு சரி என்றாள். இனி சாயங்காலம் ஐந்து மணிக்கு நீயே அவளைக் கூப்பிடு. அந்த நேரத்துக்கு அவள் காத்திருப்பாள்.

சனி, ஞாயிறில்தான் எல்லாம் கெடும். இரண்டு நாள் பகல் மனுஷியாக இருந்துவிட்டுத் திங்கட்கிழமை மறுபடி இரவுக்கு மாறினால் உடம்பு ஒவ்வொரு வாரமும் புதிதாகத் தடுமாறும். விடுமுறை நாளில் இரவு இரண்டு மணிக்குப் படுத்து ஒன்பது, ஒன்பதரைக்கு எழு. தோழிகளோடு சினிமாவுக்குப் போகலாம், பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகலாம், தூக்கமும் ரொம்ப விலகாது.

எழுந்ததும் கால் மணி நேரம் வெளியே வெளிச்சத்தில் நில். பன்னிரண்டு மணி வெயில் கடுமையாக இருக்கும். மர நிழலில் நின்றாலே போதும், கடிகாரத்துக்குச் சேதி போய்விடும். பிறகு சாப்பாடு. இதுதான் உனக்கு நாளின் பெரிய சாப்பாடு: சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு காய், தயிர். வேலைக்குக் கிளம்பும் முன் ஆறு மணிக்கு இரண்டு தோசையோ சப்பாத்தியோ சாப்பிட்டுப் போ. நடு இரவில் ஆபீஸ் கேன்டீனில் பரோட்டாவும் பிரியாணியும் கிடைக்கும், பசியும் எடுக்கும். பகலில் சாப்பிடும் அதே உணவை நடுராத்திரியில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை அதிகமாக ஏறும். அந்த நேரத்தில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதனால் கைப்பையில் அவித்த சுண்டல், வாழைப்பழம், ஒரு பாட்டில் மோர் கொண்டு போ. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் பத்துக் கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய ஆய்வு 2023-இல் சொன்னது. உன் தாத்தாவுக்கும் இருந்தது. இதை மறந்துவிடாதே.

காப்பியை விடச் சொல்லமாட்டேன். ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஒன்று, ஒன்பது மணிவாக்கில் ஒன்று, அதோடு நிறுத்து. குடித்த காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரண்டு மணிக்குத் தூக்கம் தள்ளுகிறது என்று குடிக்கிற காப்பி, ஐந்து மணிக்குப் படுக்கையில் உன்னைப் புரள வைக்கும். தூக்கம் தள்ளும்போது எழுந்து முகம் கழுவி, மாடிப்படி ஏறி இறங்கு. சாப்பாட்டோடு டீ, காப்பி குடிக்கும் பழக்கமும் வேண்டாம். உணவில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்பதை அது தடுக்கும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடு. ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நடையை வேலைக்கு முன்பே முடி. நாலரை மணிக்கு வெயில் தாழ்ந்ததும் அரை மணி நேரம் வேகமாக நட, வாரத்தில் ஐந்து நாள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதே கணக்குதான். நடந்து முடிக்கும்போது ஐந்து மணி ஆகும், அம்மாவுக்குப் போன் செய்யவும் சரியாக இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலோ, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-ஐத் தாண்டினாலோ, பிரஷர் 140/90-ஐத் தொட்டாலோ டாக்டரைப் பார். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள். மாதவிலக்கு இரண்டு மாதம் தொடர்ந்து தப்பினால் கூகுளைக் கேட்டுக்கொண்டு இருக்காதே; பெண் டாக்டரிடம் போ, எனக்கும் சொல்.

மனசையும் கவனி. இரவு வேலையில் தனிமை மெல்ல மெல்லச் சேரும். நீ எழும்போது ஊரே வேலையில் இருக்கும், நீ வரும்போது ஊரே தூங்கும். ஒரே ஒரு தோழியோடாவது வாரத்தில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், காரணமில்லாமல் அழுகை வந்தால் அதை வேலைக் களைப்பு என்று தள்ளிவிடாதே. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை இருக்கிறது. எந்த நேரத்திலும், தமிழிலும் பேசலாம், காசில்லை. அங்கே பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப் பணியைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற வகையில் 2007-இல் வைத்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. பல வருஷம் தொடர்ந்து இரவில் வேலை பார்த்தவர்களை வைத்துச் சொன்னது அது. நீ இப்போதே பயப்பட வேண்டாம். ஆனால் இதிலேயே பத்து வருஷம் இருந்துவிடாதே. ஒன்றிரண்டு வருஷத்தில் வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டு, பகல் ஷிஃப்டுள்ள ப்ராஜெக்ட் கேட்டு வாங்கு. அலவன்ஸ் குறையும் என்று யோசிக்காதே. உனக்கு இன்னும் நாற்பது வருஷம் உழைக்கிற உடம்பு வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டாம். இந்த வாரம் திரையைத் தைத்து மாட்டி, ஐந்து மணி–பன்னிரண்டு மணித் தூக்கத்தை மட்டும் பிடித்துக்கொள். அது நிலைத்த பிறகு சாப்பாட்டு நேரம், அதற்கடுத்து நடை. திரைத் துணிக்கு அளவு அனுப்பினால் நானே தைத்து பார்சல் போட்டுவிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
பெரியம்மா