மெல்லக் காற்று இறங்கும் ஆட்டோ டயர்: பஞ்சர் கடையில் பெயர் எடுக்க ஒரு வழி

“அண்ணே, நேத்து சாயங்காலம்தான் காத்து அடிச்சேன். காலைல பார்த்தா பாதி இறங்கிக் கிடக்கு.” பஞ்சர் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தப் புகாரைக் கேட்டுவிடுவீர்கள். ஆணி ஏறி டயர் தரையோடு படுத்துவிட்டால் வேலை சுலபம். ஆணி கண்ணுக்குத் தெரியும். பிடுங்கி, ஒட்டி, காற்றடித்து அனுப்பிவிடலாம். ஸ்லோ பஞ்சரில் ஓட்டை எங்கே என்று தெரியாது, ஓட்டைதானா என்பதும் தெரியாது. பல கடைகளில் இதற்குக் கிடைக்கும் வைத்தியம் இன்னும் கொஞ்சம் காற்று. மறுநாள் அதே வண்டி திரும்ப வரும். அதற்கு மறுநாள் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடும்.

ஆட்டோ ஸ்டாண்டை நம்பிக் கடை வைத்திருப்பவருக்கு இது சாதாரண நஷ்டம் இல்லை. ஸ்டாண்டில் ஒருவர் சொன்னால் மொத்தப் பேருக்கும் தெரிந்துவிடும். பேட்ச் ஒட்ட ஒரு மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். கசிவைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவர்தான் குறைவு. அவரைத் தேடித்தான் வண்டிகள் வரும்.

முதலில் வாயைத் திறந்து கேளுங்கள், லெவரை எடுப்பது பிறகு. எத்தனை நாளில் எவ்வளவு இறங்குகிறது? நிற்கும்போதா, ஓடும்போதா? சமீபத்தில் டயர் மாற்றினாரா, பள்ளத்தில் விட்டாரா? ஒரே ராத்திரியில் பத்து பி.எஸ்.ஐ. போனால் ட்யூபில் ஓட்டை இருக்கும், அல்லது வால்வு போயிருக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று என்றால் வால்வு பின்னையும் ரிம்மையும் சந்தேகப்படலாம். மாதத்துக்கு ஒன்றிரண்டு என்றால் அது நோயே இல்லை. ரப்பர் வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். பியூட்டைல் ரப்பர் ட்யூபில் இது மிகக் குறைவு, இயற்கை ரப்பர் ட்யூபில் பல மடங்கு அதிகம்.

இன்னொரு பொய்க் கசிவும் உண்டு. மத்தியானம் ஓடிச் சூடான டயரில் முப்பது பி.எஸ்.ஐ. காட்டும் காற்று விடிகாலையில் இருபத்தெட்டுக்கு வந்துவிடும். 10 டிகிரி செல்சியஸ் குறைந்தாலே ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. குறையும். அதனால்தான் வண்டி ஓடுவதற்கு முன்பு, குளிர்ந்த டயரில் அளக்கச் சொல்கிறார்கள். அளப்பதும் ஒரே கேஜில் இருக்க வேண்டும். ராத்திரி பெட்ரோல் பங்கில் ஒரு கணக்கு, காலையில் உங்கள் கடையில் ஒரு கணக்கு என்றால் இரண்டு கேஜுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கசிவு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வால்விலிருந்து தொடங்குங்கள். தொப்பியைக் கழற்றி, விரல் நுனியில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைப்பது பழைய பழக்கம். ஒரு குமிழி மெல்ல உப்பினால் உள்ளே இருக்கும் பின் சரியாக மூடவில்லை என்று பொருள். எச்சில் வேண்டாம் என்றால் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு போதும். சைக்கிளில் ரப்பர் வால்வு ட்யூப் மாற்றியவர்களுக்கு இது வேறு மாதிரி இருக்கும். இங்கே இருப்பது சிறிய சுருள்வில் தாங்கிய பின். அமெரிக்காவில் ஷ்ரேடர் குடும்பத்தார் 1890-களில் காப்புரிமை பெற்ற அதே அமைப்பு. அந்தப் பின்னின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தாலும் கசியும். வால்வு கீ போட்டு ஒரு இறுக்கு இறுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் பின்னை மாற்றுங்கள். தொப்பி இல்லாத வால்வில்தான் மண் போகிறது. ஆகவே புதுத் தொப்பி போடாமல் வண்டியை அனுப்பாதீர்கள்.

அடுத்து வால்வுத் தண்டு. நேராக நிற்கும்போது எதுவும் தெரியாது. அடிப்பகுதியில் சோப்புத் தண்ணீர் விட்டு, தண்டை விரலால் ஒரு பக்கம் சாய்த்துப் பாருங்கள். அப்போதுதான் விரிசல் வாய் திறந்து நுரை கட்டும். “நின்னா இறங்கல, ஓடினா இறங்குது” என்று சொல்லும் டிரைவரின் வண்டியில் இதை அவசியம் பாருங்கள். ட்யூப்லெஸ் டயரில் ரப்பர் வால்வு தனியாகக் கிடைக்கும், மாற்றிவிடலாம். ட்யூபில் வால்வு அடியிலேயே கிழிந்திருந்தால் ஒட்டிப் பிரயோஜனமில்லை. ட்யூபை மாற்றச் சொல்லுங்கள், கையில் கொடுத்துக் காட்டிச் சொல்லுங்கள்.

வால்வு சரி என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதுதான். ஆட்டோவை நாலு பேர் சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வேலை பார்ப்பது தெருவில் சகஜம். அதைக் கடையில் செய்யாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். பயணி உள்ளே இருக்கக்கூடாது என்று சொல்லவே தேவையில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது.

இனி வருவதுதான் இந்த வேலையில் உயிர் போகும் இடம். 4.00-8 அளவு டயர் போட்ட ஆட்டோக்கள் பலவற்றில் ரிம் இரண்டு பாதியாக இருக்கும். நட்டு போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். சக்கரத்தை வண்டியோடு சேர்க்கும் நட்டு வேறு, ரிம்மின் இரண்டு பாதியைச் சேர்க்கும் நட்டு வேறு. காற்று இருக்கும்போது இரண்டாவதைக் கழற்றினால் ரிம் தெறித்து முகத்தில் அடிக்கும். பாதி இறங்கிய டயரிலும் அந்த வேகம் இருக்கும். வால்வு பின்னை முழுதாக வெளியே எடுத்து, டயரைக் கையால் அமுக்கிப் பார்த்து, காற்றே இல்லை என்று தெரிந்த பிறகுதான் ரிம் நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். மறுபடி பூட்டும்போதும் அதே ஒழுங்கு: நட்டெல்லாம் இறுகிய பிறகே காற்று. அடிக்கும்போது சக்கரத்துக்கு நேர் எதிரே குனிந்து நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். புதிதாகச் சேர்ந்த பையனிடம் முதலாளி முதல் நாள் சொல்லவேண்டியது இதை. கல்லாப் பெட்டி விவகாரத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

ட்யூபை வெளியே எடுக்கும் முன் ஒரு வேலை. ட்யூப் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, வால்வு டயரின் எந்த இடத்தில் இருந்தது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சற்று நேரத்தில் தெரியும். ட்யூபில் வடிவம் வரும் அளவுக்குக் காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் ஒவ்வொரு சாணாக அமுக்கி, இரு கைகளாலும் லேசாக இழுத்துக்கொண்டே திருப்புங்கள். பெரிய ஓட்டை புஸ்ஸென்று குமிழி விடும். ஸ்லோ பஞ்சர் அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஊசி நுனி அளவு ஓட்டையிலிருந்து ஒரு நூல் மாதிரி, விட்டுவிட்டு, குமிழி மேலே வரும். கையைத் தண்ணீருக்குள் அசையாமல் வைத்தால்தான் கண்ணுக்குப் படும். ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். வால்வு வரைக்கும் முழுச் சுற்றும் வந்தாக வேண்டும். அடுத்த வாரம் திரும்பி வரும் வண்டிகளில் பல, இரண்டாவது ஓட்டையைத் தேடாமல் விட்டவை.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். தரை படும் பக்கம் என்றால் ஏதோ குத்தியிருக்கிறது. ரிம் பக்கம் என்றால் துருவோ, ரிம்மின் இரண்டு பாதிக்கு நடுவே ட்யூப் கடிபட்டதோ காரணம். கடிபட்டது என்றால் போன முறை பூட்டியவரின் அவசரம். அடுத்தடுத்து இரண்டு சிறு கீறல் இருந்தால், காற்றுக் குறைவாக வைத்துப் பள்ளத்தில் விட்டிருக்கிறார். ட்யூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. மடிப்பு விழுந்த கோட்டில் வெடிப்பு என்றால் புது டயருக்குள் விரிந்துபோன பழைய ட்யூபைத் திணித்திருக்கிறார்கள். இவற்றில் எதிலும் பேட்ச் மட்டும் போட்டால் வேலை முடியாது.

குத்தியதைத் தேடத்தான் அந்தச் சாக்பீஸ் குறி. ட்யூபைப் பழைய நிலையில் டயருக்கு மேல் வைத்தால், ஓட்டைக்கு நேரே டயரில் பொருள் இருக்கும். ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேல முள் உள்ளேயே ஒடிந்து நிற்கும். நெடுஞ்சாலையில் வெடித்த லாரி டயரிலிருந்து சிதறும் எஃகுக் கம்பி தலைமயிர் மாதிரி இருக்கும். வெளியே துளிகூடத் தெரியாது, டயர் அமுங்கும்போது மட்டும் ட்யூபைத் தொடும். வெறும் விரலால் தடவினால் ரத்தம்தான். ஒரு பழைய பனியன் துணியை உள்சுற்று முழுதும் இழுத்தால் கம்பி நூலைப் பிடித்துக்கொள்ளும். குறடால் பிடுங்கி டிரைவரின் உள்ளங்கையில் வையுங்கள். இதைவிட நல்ல விளம்பரம் கடைக்குக் கிடையாது.

ஒட்டும் முறையில் ரகசியம் ஒன்றுமில்லை, பொறுமைதான். ஓட்டையைச் சுற்றிப் பேட்சைவிடச் சற்று அகலமாக உரசி, தூசியைத் துடைத்து, சொல்யூஷனை மெலிதாகத் தடவி, விரலின் பின்பக்கம் வைத்தால் ஒட்டிக்கொண்டு வராத அளவுக்குக் காயவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் பிடிப்பைக் கெடுக்கும். பேட்சை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி உருட்டுங்கள். சொல்யூஷன் டப்பா திறந்திருக்கும் இடத்தில் பீடியும் வேண்டாம், ஸ்டவ்வும் வேண்டாம். மறுபடி மாட்டும்போது டயருக்குள் பவுடர் தூவி, ட்யூபில் லேசாகக் காற்று வைத்து மாட்டினால் கடிபடாது.

ட்யூப்லெஸ் டயருடன் வரும் ஆட்டோக்களுக்குத் தேடல் வேறு. டயர் முழுதும் சோப்புத் தண்ணீர் அடித்துவிட்டுக் காத்திருங்கள், இரண்டு நிமிடமாவது. நுரை கட்டுவது பல சமயம் டயரின் விளிம்பும் ரிம்மும் சேரும் ஓரத்தில். அங்கே துருவோ, நெளிவோ இருக்கும். டயரை இறக்கி, கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, விளிம்பைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றுங்கள். கிரீஸும் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். நெளிந்த ரிம்மைச் சுத்தியலால் தட்டிச் சமாளிப்பது வேண்டாம். திரி போட்டு அடைப்பது தரை படும் பகுதியில், 6 மி.மீ.க்குள் உள்ள ஓட்டைக்கு மட்டும். பக்கவாட்டுச் சுவரில் ஓட்டை என்றால் டயர் போச்சு, எத்தனை கெஞ்சினாலும். இரண்டு பாதி ரிம்மில் ட்யூபை எடுத்துவிட்டு ட்யூப்லெஸ் டயர் மாட்டித் தரச் சொல்லுவார்கள். அதற்கென்றே செய்த ரிம்மாக இல்லாவிட்டால் இணைப்பு வழியே காற்று போகும்.

கசிவை அடைக்கும் திரவம் ஊற்றுவது பற்றி என் அபிப்பிராயம் கடுமையானது. நடுவழியில் வீடு போய்ச் சேர அது உதவும். கடையில் அதையே மருந்தாக விற்பது, கம்பியை உள்ளே விட்டுவிட்டுக் காசு வாங்குவது. வால்வும் அடைபடும், பிற்பாடு பேட்சும் பிடிக்காது.

மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசு வழங்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர்களும் உங்கள் கடைக்கு வரும். பின்சக்கரத்தின் இரு பக்கமும் துணைச் சக்கரம் இருப்பதால், ஒன்றில் காற்று இறங்கினாலும் ஓட்டுபவருக்கு உடனே தெரியாது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்த பிறகே புரியும். இறங்கிக் குனிந்து பார்க்கச் சிரமப்படுவார். நீங்களே கேஜை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போங்கள், எல்லாச் சக்கரத்தையும் அளந்து சொல்லுங்கள். வேலை முடியும்வரை அவர் உட்கார ஒரு நாற்காலி போடுங்கள். வண்டிதான் அவருக்குக் கால்.

கணக்கு விஷயம். தேடுவதற்குத் தனிக் கூலி, ஒட்டுவதற்குத் தனிக் கூலி என்று முன்பே சொல்லிவிடுங்கள். வால்வு பின் மாற்றியதோடு முடிந்தால் அதற்கு மட்டும் வாங்குங்கள். ஒரு நோட்டில் வண்டி எண், எந்தச் சக்கரம், என்ன காரணம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஒரே சக்கரம் மாதத்தில் மறுபடி வந்தால், ட்யூபை விட்டு ரிம்மைப் பார்க்க அந்த வரி சொல்லும்.

முறையாகப் படிக்க விரும்புகிறவர்கள் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் சேரலாம். சொந்தக் கடை என்றால் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. கம்ப்ரஸர் வாங்க முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணை இல்லாமல் கடன் கேட்கலாம். கம்ப்ரஸர் வாங்கியதும் அதன் அடியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த ஈரம் ட்யூப்லெஸ் டயருக்குள் போய் ரிம்மைத் துருப்பிடிக்கச் செய்யும், உங்கள் கடையே ஸ்லோ பஞ்சருக்குக் காரணமாகும்.

இன்றைக்கே வாங்க வேண்டியவை அதிகமில்லை: நம்பகமான ஒரு கேஜ், வால்வு கீ, ஒரு டப்பா வால்வு பின், கைநிறையத் தொப்பிகள். மாதம் ஒருமுறை உங்கள் கேஜை இன்னொரு நல்ல கேஜோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.